மந்திரித்த வண்டியும் தளர்ந்த கொக்கியும்



சென்னையின் மேற்குப் புறநகர்ப் பங்குகளில் பணிபுரியும் குருவானவருக்கு வாய்க்கும் அலுவல்களுள் வண்டி மந்திரித்தலும் ஒன்று. ஞாயிறு திருப்பலி முடிந்து திருவுடை களைவதற்குள் பங்கு இல்லத்து வாசலில் மாலை சூட்டிய ஆட்டோ ஒன்று வந்து நிற்கும். அதன் பின்னே தவணையில் வாங்கிய சிறு லாரி நிற்கும். தீர்த்தத்தைத் தெளித்து, ஒரு செபம் சொல்லி, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதனைச் செய்து வருகிறேன். ஆயினும் மந்திரித்தல் என்றால் என்ன என்பதை நான் உண்மையாகக் கற்றுக்கொண்டது சில ஆண்டுகளுக்கு முன்னர்தான். அதுவும் ஒரு பிள்ளையின் கால் முறிந்த பிறகே.

நம் பகுதி இழுவை வண்டிகளுக்குப் பழகிய பகுதி. ஆவடியில் 1961-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையின் டாங்கிகள் நீண்ட டிரெய்லர்களின் முதுகில் ஏறிச் செல்வதைக் கண்டு வளர்ந்தவர்கள் நம் பிள்ளைகள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இரவு பகல் இல்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ, இரும்பை வெட்டி ஒட்டி எதனையும் செய்து தரக்கூடிய பட்டறைகள் பல உண்டு. ஆகவே, நம் பங்கு இளைஞர்கள் வேளாங்கண்ணிப் பாதயாத்திரைக்கென ஒரு சிறிய டிரெய்லரைச் செய்வித்து, பங்கைச் சேர்ந்த ஒருவரின் நடுத்தர எஸ்.யு.வி. வண்டியின் பின்னால் பூட்டிக்கொண்டு வந்தபோது எவருக்கும் வியப்புத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றமும் செப்டம்பர் 8-ஆம் நாள் பெருவிழாவும் நடைபெறுவதை நாமெல்லாம் அறிவோம். நம் பகுதியிலிருந்து தாம்பரம், திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம் என்று 300 கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும். காவியுடுத்தி நடப்போருக்கு அரிசி வேண்டும், பாத்திரம் வேண்டும், படுக்க ஜமக்காளம் வேண்டும், இரவில் வெளிச்சத்துக்கு ஜெனரேட்டர் வேண்டும். இவை யாவற்றையும் அந்த டிரெய்லரில் ஏற்றி, நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சுரூபத்தையும் அமர்த்தியிருந்தார்கள். பின்கோடியில் இரண்டு பெரிய நீல நிறத் தண்ணீர்ப் பீப்பாய்கள் இருந்தன. குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்க அதுவே வசதி என்றார்கள். நான் தீர்த்தம் தெளித்தேன். மக்கள் "மரியே வாழ்க!" என்று முழங்கினார்கள். வண்டி புறப்பட்டது.

மூன்றாம் நாள் பிற்பகல், திண்டிவனத்தைத் தாண்டிய சாலையில் அது நிகழ்ந்தது. நடப்போர் பின்னே வர, அடுத்த தங்குமிடத்தில் உலையேற்றுவதற்காக வண்டி முன்னே விரைந்தது. பீப்பாய்கள் ஆடாதபடி பிடித்துக்கொள்ள இரண்டு பிள்ளைகள் டிரெய்லரிலேயே அமர்ந்திருந்தார்கள். ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில், வலப்புறம் ஒரு பேருந்து சீறிக் கடந்தது. அந்தக் காற்றில் டிரெய்லரின் வால் சற்றே அசைந்தது. பின்னர் மறுபுறம் அசைந்தது. மூன்றாம் முறை அது பாம்புபோல் நெளியத் தொடங்கிற்று. ஓட்டியவர் அஞ்சி பிரேக்கை ஓங்கி மிதித்தார். இணைப்புக் கொக்கி கழன்றது. டிரெய்லர் தனியே ஓடிச் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்தது. ஒரு பிள்ளை புல்லில் விழுந்து தப்பினான். பதினேழு வயதான மற்றவனுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

செய்தி கேட்டு நான் மருத்துவமனையை அடைந்தபோது இரவாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டி நொறுங்கியும் சுரூபத்துக்கு ஒரு கீறலும் இல்லை என்றும், இது பெரும் புதுமை என்றும் வராந்தாவில் சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பக்தியை நான் குறை கூறமாட்டேன். ஆனால் அப்போது என் உள்ளம் கேட்டது இதுதான்: சுரூபம் உடைந்து பிள்ளையின் கால் தப்பியிருக்கக் கூடாதா? ஒரு தாயாகிய மரியாளும் அதைத்தானே விரும்பியிருப்பாள்?

அந்தப் பிள்ளையின் தாயார் சுவரோரம் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். அழவில்லை, சினக்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்க மந்திரிச்ச வண்டிதானே, சாமி?"

என்னிடம் மறுமொழி இல்லை.

அடுத்த வாரம் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். டாங்கித் தொழிற்சாலையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் அமர்ந்து, திருப்பலி முடிந்ததும் ஓசையின்றிப் போய்விடுபவர். "அன்னைக்கு நானும் கூட்டத்துல நின்னேன், சாமி. பீப்பாய் பின்னால இருந்ததைப் பார்த்தேன். நல்ல காரியத்துல குறுக்கே பேசுவானேன்னு சும்மா இருந்துட்டேன். அது என் பாவம்" என்றார். அவருக்குப் பாவசங்கீர்த்தனம் தேவைப்பட்டதைவிட, எனக்குப் பாடம் தேவைப்பட்டது. இருவரும் கவிழ்ந்த டிரெய்லரின் அருகே சென்று நின்றோம்.

"சாமி ஊரு கிராமம்தானே? மாட்டு வண்டி பார்த்திருப்பீங்களே, முன்பாரம் பின்பாரம்னா என்ன?" என்று தொடங்கினார். எனக்கு உடனே விளங்கிற்று. என் தந்தையார் வண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது, நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். பாரம் பின்னே மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னே மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி நேராகப் போகும், மாடும் துன்புறாது. மோட்டார் வண்டி இழுக்கும் டிரெய்லருக்கும் இதே நியாயந்தான் என்றார் பெரியவர்.

டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை இணைப்புக் கொக்கியின்மேல் கீழ்நோக்கி அழுந்த வேண்டும். இதற்காகச் சரக்கில் ஏறத்தாழ 60 விழுக்காடு அச்சுக்கு முன்னும் 40 விழுக்காடு பின்னும் இருக்குமாறு அடுக்க வேண்டும். கனமானவை யாவும் தாழ்வாக, அச்சை ஒட்டி இருத்தல் நலம். இரண்டு பீப்பாய்களிலும் சேர்த்து 400 லிட்டர் தண்ணீர், அதாவது 400 கிலோ, பின்கோடியில் இருந்தது. அது டிரெய்லரின் மூக்கை மேலே தூக்கியது. அதனால் இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்களும் மண்ணை உறுதியாகப் பற்றவில்லை. காற்று அசைத்தபோது, பின்பாரம் ஊசலின் குண்டுபோல் வீச்சைப் பெருக்கிற்று. பேருந்தின் காற்று ஒரு சாக்குத்தான். விபத்து நம் பங்கு இல்ல வாசலிலேயே ஏற்றப்பட்டுவிட்டது.

"தண்ணியை ஏன் இழுத்துட்டுப் போகணும், சாமி? காலிப் பீப்பாய் கொண்டுபோய் இறங்குற இடத்துல நிரப்பிக்கலாமே" என்றார். பாதி நிரம்பிய பீப்பாய் இன்னும் தீது. வளைவில் தண்ணீர் ஒருபுறம் பாய்ந்து பாரத்தையும் அங்கே தள்ளும்.

கொக்கியின்மேல் எவ்வளவு பாரம் அழுந்துகிறது என்பதை அறியப் பெரிய எந்திரம் வேண்டியதில்லை. சமதளத்தில் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, நாம் ஏறி நின்று எடை பார்க்கும் சிறு கருவியின்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, கொக்கியின் வழக்கமான உயரத்தில் டிரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்கினால் போதும். மொத்தம் 500 கிலோ டிரெய்லருக்கு 50 முதல் 75 கிலோ வரை காட்ட வேண்டும். குறைந்தால் வால் ஆடும். மிகுந்தால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டியரிங் பிடி தளரும்.

பின்னர் கொக்கியைக் காட்டினார். இழுக்கும் வண்டியில் ஓர் இரும்பு உருண்டை உண்டு. டிரெய்லரின் மூக்கில் அதனைக் கவ்வும் கிண்ணம் உண்டு. இரண்டும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். எங்கள் டிரெய்லரில் கிண்ணம் சற்றே பெரியது. நிற்கும்போது பொருந்தியதாகத் தோன்றும், ஆட்டத்தில் எம்பிக் கழன்றுவிடும். பூட்டும் ஊசியும் போடப்படவில்லை. இணைப்புச் சங்கிலிகள் இல்லவே இல்லை. இரண்டு சங்கிலிகளைக் கொக்கியின் அடியில் சிலுவைபோல் குறுக்காகப் பூட்டியிருந்தால், கொக்கி கழன்றாலும் மூக்கு மண்ணில் குத்தாமல் அந்தச் சிலுவையில் தாங்கி நின்றிருக்கும். வளைவில் திரும்பும் அளவுக்குத் தளர்வும், தரையில் உரசாத அளவுக்கு இறுக்கமும் அவற்றுக்கு வேண்டும். பெரியவர் கைகளைக் குறுக்காக வைத்துக் காட்டியபோது நான் சிறிது நேரம் பேசவில்லை.

எந்த வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்பது அடுத்த வினா. வண்டி பெரிதாய் இருப்பதும் எஞ்சின் வலுவாய் இருப்பதும் மட்டும் போதா. இழுப்பது எளிது, நிறுத்துவதே அரிது. வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இழுவை எடை அதில் குறிக்கப்பட்டிருந்தால் அதை மீறலாகாது. குறிக்கப்படவே இல்லையென்றால், அந்த வண்டியை டிரெய்லர் இழுக்கப் பயன்படுத்தாதிருப்பதே நன்று. பழுதுபட்ட வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதற்காகப் பம்பரில் தந்திருக்கும் வளையம் டிரெய்லர் பூட்டுவதற்கு அன்று. வண்டியின் சட்டத்தோடு உறுதியாகப் பிணைத்த இழுவைக் கம்பியே வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் வாழும் என் தங்கை மகனிடம் தொலைபேசியில் இதனைச் சொன்னேன். அவன் விடுமுறைகளில் மனைவி மக்களுடன், படுக்கையும் அடுப்பும் கொண்ட டிரெய்லர் வீட்டைத் தன் எஸ்.யு.வி.யின் பின்னால் இழுத்துச் செல்பவன். "மாமா, இங்கேயும் அதே கணக்குத்தான். கொக்கி மேல பத்துல ஒரு பங்கு இருக்கணும். புறப்படுறதுக்கு முன்னாடி ஒரு சுற்று, டீ குடிக்க நிறுத்துற இடமெல்லாம் ஒரு சுற்று, நடந்து பார்ப்போம்" என்றான். புதிதாய் இழுப்பவர், சரக்கேற்றிய டிரெய்லரின் எடையை இழுக்கும் வண்டியின் வெற்றெடையில் 85 விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது இங்கிலாந்தில் வழங்கும் அறிவுரை. விரைவுச் சாலைகளுக்குப் பேர்போன ஜெர்மனியிலேயே, டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர்தான் எல்லை. நல்ல சாலையுள்ள நாட்டினரே இவ்வாறு அடங்கிச் செல்லும்போது, மாடும் மிதிவண்டியும் குறுக்கிடும் நம் சாலையில் நமக்கு என்ன அவசரம்?

வேகத்தைப் பற்றிப் பெரியவர் கூறியதையும் சொல்ல வேண்டும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். எங்களுடையதைப் போன்ற சிறு டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. அதன் பாரம் முழுவதும் முன்வண்டியின் முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். ஆகவே வழக்கத்தைப்போல் இருமடங்கு இடைவெளி விட வேண்டும். மேம்பால இறக்கத்தில் முன்னதாகவே கியரைக் குறைக்க வேண்டும். வால் ஆடத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஸ்டியரிங்கை மாறி மாறி வெட்டுவதும், தப்பிவிடலாமென்று வேகம் கூட்டுவதும் ஆகா. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடித்திருந்தால், வேகம் தணியத் தணிய ஆட்டமும் தணியும். அதன்பின் ஓரமாய் நிறுத்திப் பாரத்தைச் சீர்செய்த பிறகே புறப்பட வேண்டும்.

வளைவில் டிரெய்லர் முன்வண்டியின் தடத்தில் வராது, உள்வாங்கி வரும். அம்பத்தூரின் குறுகிய தெருக்களில் இடப்புறம் திரும்பும்போது, ஓரமாய் நிற்கும் இருசக்கர வண்டிக்காரரை அது உரசிவிடும். பின்னோக்கிச் செல்லும்போது எல்லாமே தலைகீழ். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்து, டிரெய்லரின் வால் எப்பக்கம் போக வேண்டுமோ அப்பக்கம் கையை நகர்த்துவது எளிய வழி. ஆளில்லா மைதானத்தில் பலமுறை பழகாமல் சாலைக்கு வரலாகாது. டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். ஆண்டில் பதினோரு மாதம் வெயிலில் நின்ற டயர் பார்வைக்குப் புதிதுபோலிருந்தும் பக்கங்களில் வெடித்திருக்கும். பின்விளக்கு, பிரேக் விளக்கு, திரும்புவதைக் காட்டும் விளக்கு யாவும் டிரெய்லரிலும் எரிய வேண்டும். சிவப்பு ஒளிப்பட்டைகளும் வேண்டும். விளக்கற்ற கரும்பு டிரெய்லரில் இரவில் மோதி மாண்ட செய்திகளை நாம் செய்தித்தாளில் படிக்காதவர்கள் அல்லவே.

சட்டமும் இதில் உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல் டிரெய்லரையும் உள்ளடக்கியது. பட்டறையில் ஒட்டிக்கொண்டு வந்து அப்படியே சாலையில் இறக்கும் பொருள் அன்று அது. அதற்கும் பதிவு வேண்டும், காப்பீட்டையும் கேட்டுத் தெளிய வேண்டும். இவை யாவற்றிற்கும் மேலாக, ஓடும் டிரெய்லரில் மனிதர் அமரவே கூடாது. சுரூபத்தைப் பிடித்துக்கொள்ளவும் கூடாது, பீப்பாயைப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. பொருளைக் கட்டக் கயிறு இருக்கிறது. பிள்ளைகள் கயிறுகள் அல்லர்.

பெரியவர் பேசி முடித்ததும் நான் கேட்டேன்: "இத்தனையும் தெரியாமல் நான் தீர்த்தம் தெளித்தேனே, அதற்குப் பயனே இல்லையா?" அவர் சற்று யோசித்தார். "தீர்த்தம் மரையை முறுக்காது, சாமி. முறுக்குற கைக்கு அக்கறை குடுக்கும்" என்றார்.

குருமடத்தில் நான் பயின்ற இறையியல் இதற்கு மாறானதன்று. நான்கு தலையாய புண்ணியங்களுள் விவேகத்தைத் தேரோட்டிக்கு ஒப்பிடுவது திருச்சபையின் பழைய வழக்கம். மற்றப் புண்ணியங்களை அது வழிநடத்துகிறது என்பது அதன் கருத்து. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்குமாறு சோதிக்கப்பட்ட நம் ஆண்டவர் குதிக்கவில்லை. வானதூதர் தாங்குவர் என்ற நம்பிக்கை குறைந்ததாலா? இல்லை. தந்தையைச் சோதிப்பது விசுவாசம் அன்று என்பதாலேயே. பின்பாரத்தோடும் சங்கிலியின்றியும் நாங்கள் மாதாவை ஏற்றிச் சென்றது அவளைச் சோதித்ததற்கு ஒப்பாகும். அந்தத் தாயாரிடம் நான் இதனை ஒப்புக்கொண்டேன். "வண்டியை நான் பார்க்கவில்லை, அம்மா. மாலையைத்தான் பார்த்தேன்" என்றேன். அவர் மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கூழ் காய்ச்ச வேண்டுமென்று உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே டிரெய்லர் மீண்டும் வாசலுக்கு வந்தது. கிண்ணம் மாற்றப்பட்டிருந்தது. சங்கிலிகள் பூட்டப்பட்டிருந்தன. பீப்பாய்கள் காலியாய்க் கவிழ்க்கப்பட்டிருந்தன. அரிசி மூட்டைகளும் ஜெனரேட்டரும் அச்சுக்குச் சற்று முன்னே தாழ்வாய்க் கட்டப்பட்டிருந்தன. பதிவெண் பலகையும் இருந்தது. ஓட்டுநர் இரண்டு மாதமாகப் பள்ளி மைதானத்தில் பழகியிருந்தார். நான் தீர்த்தச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, தாளில் எழுதி வைத்திருந்த வினாக்களை ஒவ்வொன்றாய்ப் படித்தேன். பாரம்? கொக்கி? ஊசி? சங்கிலி? டயர்? விளக்கு? "பார்த்தாச்சு, ஃபாதர்" என்று ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னவன், சற்றே விந்தி நடக்கும் அந்தப் பிள்ளைதான். அந்தப் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். கடைசிக் கேள்வியாக, "டிரெய்லரில் யாரேனும் ஏறுவார்களா?" என்றேன். "ஒருத்தரும் ஏறமாட்டாங்க, ஃபாதர்" என்றான், சற்று உரத்த குரலில்.

கூட்டத்திலிருந்து அவனுடைய தாயார் முன்னே வந்தார். குனிந்து, கொக்கியின் அடியில் குறுக்காய்ப் பூட்டியிருந்த சங்கிலிகளைத் தம் கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப மந்திரிங்க, சாமி" என்றார்.

மந்திரித்தேன்.